பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு மாநில அரசு தரும் படிப்புதவி: எந்த வழியில் சேர்கிறோம் என்பதுதான் கணக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தாய்மாமன். அக்கா மகள் திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அப்பா கட்டட மேஸ்திரி, எம்.பி.சி. வகுப்பு. குடும்பத்திலேயே டிகிரி முடித்தவர் கேள்வி கேட்டவர் ஒருவர்தான். பொறியியல் படிக்க வைக்க ஆசை, முடியாவிட்டால் பி.எஸ்சி. இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "முழு ஸ்காலர்ஷிப்பில் சீட் வாங்கித் தருகிறேன், இப்போதைக்குக் கொஞ்சம் அட்வான்ஸும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுங்கள்" என்றிருக்கிறார். பெண்ணின் தம்பி பத்தாவது முடித்திருக்கிறான். பக்கத்து வீட்டுக் கிறித்தவப் பையனுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் வேலையாக, வந்த ஆளிடம் பணமும் கொடுக்காதீர்கள், மார்க் ஷீட்டும் கொடுக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

படிப்புதவி என்றால் கல்லூரியில் சேர்ந்தபிறகு ஒரு படிவம் நிரப்பி வாங்குவது என்றுதான் பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி வருவது சின்னத் தொகைகள்தான். தமிழ்நாட்டில் பெரிய தொகை எல்லாம் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எந்தப் பள்ளியில் படித்தாள், எந்த வழியாக சீட் வாங்கினாள், அந்தக் கல்லூரி அரசுடையதா, உதவி பெறுவதா, சுயநிதியா என்ற மூன்றும்தான் கணக்கு. ஏழ்மையும் மதிப்பெண்ணும் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் அக்கா மகளிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்கிற அந்த ஒரு வரி. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. நீதிபதி கலையரசன் தலைமையிலான குழுவின் அறிக்கையை வைத்துப் போட்ட சட்டம். அடுத்த ஆண்டு, நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. வழக்குப் போட்டார்கள், மருத்துவ ஒதுக்கீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் செல்லும் என்றது.

பலருக்கு இது சீட் கிடைக்க வழி என்ற அளவில் மட்டும் தெரியும். பணம் இதற்குப் பின்னால் வருகிறது. 2021 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆணை வழங்கும் விழாவில், இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமாக இருந்தாலும் இது பொருந்தும். நாலு வருடப் படிப்பு, ஹாஸ்டலோடு சேர்த்து. உங்கள் மாமா, அதாவது பெண்ணின் அப்பா, கையிலிருந்து போக வேண்டிய சில லட்சங்களை இந்த ஒரே சீட் மிச்சப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவருக்கு இருக்கும் மாநில உதவிகளில், ரூபாய்க் கணக்கில், இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடியது ஒன்றிரண்டுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 7.5-க்குத் தகுதியுள்ள பிள்ளை பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். பொதுப் பிரிவில் கொஞ்சம் பெயர்பெற்ற கல்லூரி கிடைத்துவிட்டால், "இதையே எடுத்துக்கலாம்" என்று வீட்டில் மகிழ்ந்துபோய்விடுவார்கள். ஆனால் முழுச் செலவையும் அரசு ஏற்பது 7.5 ஒதுக்கீட்டில் எடுத்த இடத்துக்குத்தான். இரண்டு பக்கமும் இடம் வந்தால், கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்காமல் நாலு வருடக் கட்டணத்தையும் ஹாஸ்டலையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு உறுதிசெய்யுங்கள். சில சமயம் பொதுப் பிரிவு சீட்டே நல்லதாக இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. செலவு எவ்வளவு என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆள் விஷயம். சீட் நிரம்பாத சுயநிதிக் கல்லூரிகள் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து ஆள் பிடிப்பது புதிதல்ல. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேராக நிரப்பும் இடம். அதில் சேர்ந்துவிட்டால் 7.5 சலுகை போயிற்று, முதல் பட்டதாரிச் சலுகையும் போயிற்று. இரண்டுமே கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அவர் "முழு ஸ்காலர்ஷிப்" என்று சொல்வது, கல்லூரி தன் நிர்வாகக் கட்டணத்தில் முதல் வருடத்துக்குக் காட்டும் தள்ளுபடியாக இருக்கலாம். இரண்டாம் வருடம் அது இருக்குமா என்று எழுதிக் கேளுங்கள், எழுதித் தர மாட்டார். ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்பதற்கும் ஒரே காரணம், பிள்ளை கலந்தாய்வுக்குப் போய் வேறிடம் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யூ.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. இடைத்தரகருக்கு எந்த உரிமையும் கிடையாது.

அடுத்தது முதல் பட்டதாரி. "நான் பி.காம். படித்துவிட்டேன், அதனால் என் அக்கா மகளுக்குக் கிடைக்காதா?" என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். இங்கே குடும்பம் என்று பார்ப்பது அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் ஆகியோரைத்தான். சீர் செய்ய முதல் ஆளாக நிற்கும் தாய்மாமன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

2010-இல் வந்த சலுகை இது. சாதி பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளை அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருந்தால், கல்விக் கட்டணத்தில் அரசு ஒரு பகுதியைக் கட்டிவிடும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இது வருடத்துக்கு 25,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. கூடப் பிறந்தவர் யாரும் இந்தச் சலுகையை வாங்கவில்லை என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓர் உறுதிமொழி தர வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் சான்றிதழோடு இந்தக் கூட்டு உறுதிமொழியையும் பதிவேற்றச் சொல்வார்கள். சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு உறுதிமொழியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் பெண்ணுக்கு 7.5-இல் இடம் கிடைத்தால் முழுக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். முதல் பட்டதாரிச் சலுகை தனியாகத் தேவைப்படாது. ஆனாலும் சான்றிதழை வாங்கி வைத்துவிடுங்கள். 7.5-இல் அவள் விரும்பும் பிரிவு கிடைக்காமல் பொதுப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும். அவள் அந்தச் சலுகையைத் தொடாமலே படித்துவிட்டால் தம்பிக்கும் ஒரு வழி திறந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து அவன் கல்லூரியில் சேரும்போது அக்கா இன்னும் மாணவிதான், பட்டதாரி ஆகியிருக்க மாட்டாள், சலுகையும் வாங்கியிருக்க மாட்டாள். அந்தக் கட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழ்களை இப்போதே கிளப்புங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இ-சேவையில் 60 ரூபாய்க் கட்டணம். முதலில் கேன் எண் என்று விண்ணப்பிப்பவருக்கு ஒரு பதிவு எண் போடுவார்கள்; அதில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை என்று வரும் பிள்ளைகள்தான் கடைசிவரை அல்லாடுகிறார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் அலுவலகம் என்று போகும். வி.ஏ.ஓ.வை ஒருமுறை நேரில் பார்த்து, மேஸ்திரி வேலை, மாதத்தில் இத்தனை நாள் வேலை என்று சொல்லிவிடுவது நல்லது. பல உதவித்தொகைகளுக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். வருமானத்தைக் குத்துமதிப்பாகக் கூட்டி எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பொறியியலோ பி.எஸ்சி.யோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ, எதில் சேர்ந்தாலும் உங்கள் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வருமான வரம்பு இல்லை, ஒரே வீட்டில் மூன்று பெண்கள் படித்தாலும் மூவருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். அஞ்சல் வழியில் படித்தால் மட்டும் கிடையாது.

இந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் 1989-லிருந்து நடந்துவந்தது திருமண உதவித் திட்டம்; பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-இல் அந்தப் பணத்தைப் பெண்கள் கல்லூரிப் படிப்பின் பக்கம் திருப்பினார்கள். அப்போது தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று ஊரில் புலம்பியவர்கள் உண்டு. என் கணக்கில், ஒரே நாளில் கைக்கு வந்து அன்றே செலவாகிவிடும் தொகையைவிட, பெண்ணின் சொந்தக் கணக்கில் மாதாமாதம் விழும் ஆயிரத்துக்கு வலு அதிகம். அதை வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதுதான். ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், கேன்டீன் சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் இவற்றுக்கு அப்பாவிடம் கை நீட்டாமல் ஓடும். இரண்டாம் வருடத்தில் பெண்கள் படிப்பை விட்டு நிற்பதற்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறைச் செலவுகள்தான்.

இந்தப் பணம் வருவதற்கு வங்கிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவோடு கூட்டுக் கணக்கு ஆகாது. பள்ளியில் படிக்கும்போது திறந்த மைனர் கணக்காக இருந்தால், பதினெட்டு முடிந்ததும் வங்கியில் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதாரை அந்தக் கணக்கோடு "சீடிங்" செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கணக்கில் ஆதார் எண் பதிந்திருப்பதும் சீடிங்கும் ஒன்றல்ல. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆகியிருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். ஊரில் யாரோ முகாம் போட்டு இன்னொரு வங்கியில் கணக்குத் திறந்துவிட்டிருப்பார்கள், பணம் அதில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும், பிள்ளை கல்லூரி அலுவலகத்தில் வந்து சண்டை போடும். இதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

பொறியியல் வேண்டாம், பி.எஸ்சி. போதும் என்று முடிவானால் கணக்கு மாறுகிறது. கலை அறிவியல் படிப்புகளுக்கு 7.5 ஒதுக்கீடு கிடையாது. ஆனால் அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்தால் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். விண்ணப்பம் மாநிலம் முழுக்க ஒரே இணையதளத்தில், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்று கேட்டால் எந்த இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியை விட்டுவிட்டு, பஸ் வீட்டுக்கே வருகிறது என்பதற்காக சுயநிதிக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, பிறகு "ஸ்காலர்ஷிப் ஏதாவது உண்டா" என்று கேட்கிறவர்களுக்கு நான் தரக்கூடிய பதில் மிகச் சின்னது. மகளிருக்கு நகரப் பேருந்து 2021-லிருந்து இலவசம், அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸும் இலவசம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எம்.பி.சி. என்பதால் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கான உதவித்தொகையும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் மூன்று வருட இளநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனையே இல்லாமல் கிடைக்கிறது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் யு.எம்.ஐ.எஸ். என்ற இணையதளம் வழியாக. பள்ளியில் எமிஸ் எண் இருந்ததல்லவா, அதன் கல்லூரித் தம்பி இது. மாணவி தன் விவரங்களைப் பதிய வேண்டும், கல்லூரியின் பொறுப்பாளர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். பதிந்தாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடாமல், கல்லூரி மட்டத்தில் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி விண்ணப்பம் அந்தப் படியிலேயே தூங்கும். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

"அரசு உதவி பெறும் கல்லூரி" என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய, பெயர்பெற்ற உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிஃப்ட் அரசு உதவியோடு நடக்கும், மாலை ஷிஃப்ட் சுயநிதி. அதே வளாகம், அதே பெயர்ப் பலகை, சில சமயம் அதே பாடப்பிரிவு. கட்டணம் மட்டும் பல மடங்கு. சேரும் முன் "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா" என்று அந்தப் பாடப்பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

தங்கிப் படிக்க வேண்டியிருந்தால், துறை நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. பி.சி., எம்.பி.சி. விடுதி, ஆதிதிராவிடர் விடுதி என்று தனித்தனிப் பெயரில் இருந்தவற்றை 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி, பெண்களுக்கு அந்த விதி இல்லை. விடுதிகளின் தரம் ஊருக்கு ஊர் வேறுபடும். சேர்க்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்; குளியலறையைப் பார்த்தாலே மற்றது தெரிந்துவிடும்.

மாமா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? இதை நீங்கள் எழுதவில்லை. பதிந்து அட்டையை ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருந்தால், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு வருடந்தோறும் வாரியத்தில் தனியாக உதவி உண்டு. விடுதியில் தங்கிப் படித்தால் கொஞ்சம் கூடுதல். அட்டை இருக்கும், ஆனால் காலாவதி ஆகியிருக்கும் என்பதுதான் பல வீடுகளின் நிலை. பதிவே இல்லையென்றால் இப்போதாவது பதியுங்கள். படிப்புதவியோடு விபத்து, ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது. வேறு வேலை பார்ப்பவர்களுக்கும் இதுபோலவே உண்டு. 2.5 ஏக்கர் நஞ்சை அல்லது 5 ஏக்கர் புஞ்சைக்குள் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்புதவி இருக்கிறது, அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தொழிற்சாலை, கடை ஊழியர்களின் சம்பளத்தில் வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர் நல நிதி என்று சிறு தொகை பிடிப்பார்கள். அந்த வாரியமும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. பிடித்தம் தெரியும், திரும்ப வாங்கலாம் என்பது தெரியாது.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவன் கிறித்தவன், சாதிச் சான்றிதழில் பி.சி. என்று இருக்கிறது, அதனால் பி.சி. உதவித்தொகைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழை இன்னொரு முறை படியுங்கள். ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால், தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டுக்கு அவர்கள் பி.சி. பட்டியலில் வருவார்கள். ஒன்றிய அரசின் சட்டப்படி அவர்கள் எஸ்.சி. கிடையாது. ஆனால் படிப்புதவிக்கு மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் அவர்களை ஆதிதிராவிடர் நலத் துறையிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் துறையின் உதவிதான் பெரியது. பி.சி. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுத் தவறான பிரிவில் விண்ணப்பித்து, கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கை மட்டும் வாங்கிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மூவருக்கும் வருமான வரம்பு 2.5 லட்சம். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்கான, உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் போடுகின்றன. கட்டணத்தோடு, பராமரிப்புப் படி என்று வருடத்துக்கு ஒரு தொகையும் உண்டு: பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புக்கு விடுதியில் இருந்தால் 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போனால் 7,000, சாதாரணப் பட்டப்படிப்புக்கு 6,000, 3,000. சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டணக் குழு வகுத்த கட்டணத்தை அரசு தரும் என்று 2012-இல் வந்த ஆணையைத்தான் எல்லாரும் "அரசாணை 92" என்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொன்னாலே பேச்சின் தொனி மாறுவதைப் பார்க்கலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இதுவும் கைவிட்டுப் போகும்.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், "முதலில் நீங்கள் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று சில கல்லூரிகள் சொல்வார்கள். முன்பணம் கேட்காமல் சேர்க்க வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். பணம் இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருவதால் கல்லூரிகளுக்குப் பயம். அவர்கள் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்கில் விழுந்த கட்டணப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு வருடக் கடைசியில் ஹால் டிக்கெட்டுக்கு அலைந்த பிள்ளைகளும் உண்டு. வந்த பணத்தில் கட்டணம் எது, படி எது என்று பிரித்துப் பார்த்து, கட்டணத்தை உடனே கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்கள். முன்பணம் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று கல்லூரி அடம் பிடித்தால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் இன்னும் வேகம்.

எந்தத் துறையாக இருந்தாலும், கல்லூரி திறந்த மாதத்திலேயே உதவித்தொகை வந்துவிடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விண்ணப்பமே சில மாதம் கழித்துத்தான் தொடங்கும். முதல் பருவச் செலவுக்கு, பஸ், புத்தகம், உடை, ஹாஸ்டல் முன்வைப்புக்கு, கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். அதற்காக மீட்டர் வட்டிக்குப் போய்விடாதீர்கள்.

பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றும் எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற இடங்களில் இளநிலையில் சேர்கிறவர்களின் செலவை ஏற்பதாக மாநில அரசு 2022-இல் அறிவித்தது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு, வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை தனி உதவி இருக்கிறது. இது சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள துறை அலுவலகம் வழியாக. இந்தக் கதவுகள் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

கடைசியாக அந்தத் தம்பி. பத்தாவதில் நல்ல மார்க் என்கிறீர்கள். இந்நேரம் ஏதாவது ஒரு தனியார் பள்ளியிலிருந்து, "பிளஸ் ஒன், பிளஸ் டூ ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஆள் வந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. அதற்கும் பன்னிரண்டு முடிய அரசுப் பள்ளி, அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி என்றுதான் விதி. 7.5 ஒதுக்கீட்டுக்கும் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான். இந்த இரண்டு வருடத்தை வெளியே படித்தால், ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு இந்தத் திட்டங்களில் மதிப்பே இல்லாமல் போகும். தனியார் பள்ளி மிச்சப்படுத்தித் தருவது இரண்டு வருடப் பள்ளிக் கட்டணம். இழப்பது நாலு வருடக் கல்லூரிக் கட்டணமும் விடுதியும். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவனுக்கு வேண்டிய பிரிவு இருக்கிறதா, கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியைப் பாருங்கள்.